நாற்பத்தேழு அங்குலம்

புதுவயல் ஆலையிலிருந்து நேராக வந்திருக்கிறேன்,
தலைமுடியில் தவிடு.
தேவகோட்டை ரஸ்தாவில் பீர்முகமதுவின் தகரக் கொட்டகை.
உள்ளே இரண்டு குவாட் பைக்.
வெள்ளை, நானூற்றைம்பது சிசி.
சிவப்பு, இருநூற்றைம்பது.
அதன் பின் மட்கார்டில் ஒரு விரிசல்,
விரிசல்மேல் யாரோ ஒட்டிய வேல் ஸ்டிக்கர்.

"எடுக்கறதே எடுக்கறீங்க, பெருசா எடுங்கக்கா"
என்கிறான் கூட வந்த சேவுகன்.
பரோட்டாவிலிருந்து எல்லாமே
பெரிதாக வேண்டும் அவனுக்கு.

உட்கார்ந்து பார்த்தால்
எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.
எழுந்து நிற்கிறேன்.
முழங்கால்கள் டேங்கை இறுக்க, முழங்கைகள் விரிய,
உடம்பின் மொத்தக் கனத்தையும் முன்னால் போட்டேன்.
வெள்ளை மெல்ல அமிழ்ந்து
அவசரமில்லாமல் எழுந்தது.
குறை சொல்ல வழியில்லை.

ஆனால் சனிக்கிழமை
கண்மாய்க் கரையில் ஏற்றிப் பார்த்திருந்தேன் இதே வெள்ளையை.
கட்டைவிரல் கொஞ்சம் அழுத்தியதும்
கரை முடிந்துவிட்டது.
நான் தாண்டவில்லை.
என்னைத் தூக்கிக்கொண்டு அது தாண்டியது,
ஏற்றிய நெல்மூட்டையாகத்தான் இருந்தேன் அந்தரத்தில்.
மூக்கு கவிழ்ந்து இறங்கினோம்.
நாக்கைக் கடித்த ரத்தமும்
கண்மாய்ப் புழுதியும் ஒரே உப்பு.

சிவப்பிடம் கேட்க வேண்டும்.
இரண்டாம் கியர், மூன்றாம் கியர்,
சரளையில் பின்சக்கரம் வழுக்கும்போது
இடுப்பால் ஒரு திருத்தம்,
கரை விளிம்பு வரைக்கும் விரலை எடுக்காத பிடிவாதம்.
பிறகுதான் தருகிறது
அந்த ஒன்றரை நொடியை.
நாலு சக்கரத்துக்கும் வேலையில்லை.
கீழே வெடித்த களிமண்,
பாதி மென்றதோடு நிமிர்ந்து பார்க்கும் ஒரு வெள்ளாடு.
முதலில் பின்சக்கரம் தொட,
முன்சக்கரம் தொட,
மடங்கிய முழங்கால் நிமிர,
"இன்னொரு தடவை" என்றேன் யாருமில்லாத இடத்தில்.

இதையெல்லாம் பீர்முகமதுவிடம் சொல்லவில்லை.
சொன்னால் விலை இறங்காது.
பையிலிருந்து சணலை எடுத்தேன்,
மூட்டை தைக்கிற சணல்,
இரண்டு முடிச்சு போட்டது.
ஆலைக்குப் பின்னால் தைலமரக் காடு,
அதைத் தாண்டி முந்திரி,
முந்திரி முடிகிற இடத்தில் இரட்டைப் பனை.
அதற்கு நடுவேதான் கண்மாய்க்குப் பாதை.
முடிச்சுக்கு முடிச்சு நாற்பத்தேழு அங்குலம்.

வெள்ளையின் முன்சக்கரங்களில் பிடித்தேன்.
இரண்டு அங்குலம் வெளியே நின்றது டயர்.
"ஒரு பனையைச் சாய்ச்சுருங்க" என்றார்.
"பனைக்குக் கலெக்டர் கையெழுத்து வேணும், பாய்.
சிவப்புக்கு உங்க கையெழுத்து போதும்."
சேவுகன் வாயைப் பொத்திக்கொண்டான்.

செயின் தொய்வு, முன் பிரேக்கில் கசிவு,
இடது ஆக்சில் பூட்டில் கிழிசல்,
ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன்.
ஒவ்வொரு தொடலுக்கும் ஓர் ஆயிரம்.
"ஸ்டிக்கரை எடுத்துருங்க, உள்ளே எவ்வளவு தூரம் விரிஞ்சிருக்குன்னு பார்க்கணும்."
"அத மட்டும் தொடாதீங்க.
மட்கார்டே அதுலதான் நிக்குது."

வீட்டுக்கு வருகிற வழியில்தான் உறைத்தது.
புரட்டாசி பாதி போய்விட்டது.
ஐப்பசி பிறந்து நாலு நாள் பெய்தால்
நான் இறங்குகிற இடம் தண்ணீர்.
மீனுக்கும் நாரைக்கும் போய்விடும்,
தை, மாசி தாண்டும்வரை.

பெய்யாவிட்டால் நெல் இல்லை.
நெல் இல்லாவிட்டால் ஆலை இல்லை,
சம்பளம் இல்லை,
வண்டிக்கு மீதி ஏழு தவணையும் இல்லை.
தெரியும். தெரிந்தே
இரண்டு வாரமாவது தள்ளிப்போகட்டும் என்று
மேற்கே கறுத்ததைப் பார்த்து
ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்தேன்.

காலையில் முதலாளி வாசலில் நின்று
கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கேட்டார்,
"மழ வருமா, அழகம்ம?"
பாய்லர் வால்வைத் திருகிக்கொண்டே
"வரட்டுங்க" என்றேன்.
எப்போது என்று அவரும் கேட்கவில்லை.